ரயில் பொம்மைகளை ஜொகூர் ஈரத்திலிருந்து காப்பாற்றுவது எப்படி?

ஜொகூரின் முதல் ரயில் பாதையைக் கரையான் தின்றது. 1869-இல், அபு பாக்கார் மகாராஜாவாக இருந்த காலத்தில், ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலையை நோக்கி மரத் தண்டவாளங்களைப் போட்டு ஒரு பாதை அமைக்கத் தொடங்கினார்கள். மரத்துக்குப் பஞ்சமில்லாத ஊர், இரும்பு வாங்கும் செலவு மிச்சம் என்பது கணக்கு. சில ஆண்டுகளிலேயே கரையானும் பணமுடையும் சேர்ந்து அந்தத் திட்டத்தை முடித்துவிட்டன. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இரும்புப் பாதை வந்து சேர 1909 ஆயிற்று.

அந்தக் கரையானும் அதற்குப் பிடித்த ஈரக்காற்றும் இன்று நம் வீட்டு ஸ்டோர் அறையில் இருக்கின்றன. அங்கேதான் நம்மில் பலர் ரயில் பொம்மைகளையும் மாதிரி ரயில்களையும் பெட்டி கட்டி வைத்திருக்கிறோம்.

ஜொகூர் தமிழர் வீடுகளுக்கு இவை பல வழிகளில் வந்து சேர்ந்தவை. மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ரயில் என்றாலே ஒரு தனிப் பிரியம். சிங்கப்பூருக்குத் தினமும் போய்வந்த அப்பா, சம்பள நாளில் வாங்கி வந்த ஹார்ன்பி அல்லது லீமா செட் சில வீடுகளில் உண்டு. பிள்ளைகளுக்காக வாங்கிய நீலத் தண்டவாள பிளாரெயில், மரத்தில் செய்த தாமஸ் ரயில், பிறகு பெரியவர்களே தங்களுக்காக வாங்கிக்கொண்ட கேட்டோ, டோமிக்ஸ் என்று தொகுப்பு வளர்ந்துகொண்டே போகும். கெமாஸ் – ஜொகூர் பாரு பாதை மின்மயமாகி, 2025 டிசம்பரில் இடிஎஸ் ரயில் ஜொகூர் பாரு சென்ட்ரல் வரை ஓடத் தொடங்கிவிட்டது. டீசல் இன்ஜின் இழுத்து வந்த விரைவு ரயில்களில் பலவற்றை இனி அலமாரியில்தான் பார்க்க வேண்டியிருக்கும். அப்படியிருக்க, அலமாரியில் இருப்பதாவது நல்ல நிலையில் இருக்க வேண்டாமா?

எனக்கு இது புத்தி வந்தது ஒரு பெட்டியைத் திறந்த நாளில்தான். எட்டு ஆண்டுகள் திறக்காமல் 'பத்திரமாக' வைத்திருந்த பெட்டி. உள்ளே ரயில் பெட்டிகளைத் தாங்கியிருந்த கறுப்பு ஃபோம், சூடுபட்ட வெல்லப்பாகு மாதிரி ஒழுகி, மூன்று பெட்டிகளின் பக்கவாட்டுச் சாயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எடுத்து விளையாடிய பழைய இன்ஜின் கீறலோடு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தொடாமல் பூட்டி வைத்ததுதான் கெட்டுப்போனது.

ஈரம் செய்யும் வேலை

ஜொகூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். வெயில் ஏறிய பிற்பகலில் அது அறுபதுகளுக்கு இறங்கும். மாதிரி ரயில்களுக்கு ஏற்றது 40 முதல் 50 விழுக்காடு வரை. ஆகவே முதலில் வாங்க வேண்டியது பெட்டியோ அலமாரியோ அல்ல, இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று. அதை ஸ்டோர் அறையில் ஒரு வாரம், படுக்கையறை அலமாரியில் ஒரு வாரம், கூடத்தில் ஒரு வாரம் என்று வைத்துப் பாருங்கள். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரிக்கும் வீட்டின் நடுவிலுள்ள அலமாரிக்கும் எவ்வளவு வேறுபாடு என்று தெரிந்தால் பாதி முடிவு தானாக எடுக்கப்பட்டுவிடும்.

ஈரம் மூன்று வகையில் கெடுக்கிறது. தகர ரயில்களும் எஃகுத் தண்டவாளங்களும் துருப்பிடிக்கின்றன. அட்டைப் பெட்டிகளிலும் ஸ்டிக்கர்களிலும் பூஞ்சணம் பிடிக்கிறது. இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதுதான் மேலே சொன்ன ஃபோம் சமாசாரம். அந்தப் பஞ்சு பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள நீரே அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு ஒழுகல், கடைசியில் பொடி. குளிர்நாட்டில் பல ஆண்டுகள் தாங்கும் ஃபோம் நம் ஊரில் அதற்கு முன்பே கைவிட்டுவிடும். பழைய காலணியின் அடிப்பாகம் திடீரென்று பெயர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கதைதான்.

புத்தக வடிவில் வரும் 'என்' அளவு ரயில் பெட்டகங்களில் பெரும்பாலும் இந்த ஃபோம்தான் இருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். பசை போல ஒட்டினாலோ அழுத்திய பள்ளம் மேலெழாமல் நின்றாலோ அன்றே மாற்றிவிட வேண்டும். மாற்றாகப் பாலித்தீன் ஃபோம் நல்லது. மின்சாதனப் பொருள்களின் பெட்டிக்குள் வெள்ளையாக வருமே, அதுதான். சமையலறைப் பஞ்சு போல நீரை உறிஞ்சினால் அது பழைய வகை. நீர் மேலேயே நின்றால் பாலித்தீன் வகை. தாளால் சுற்றுவதென்றால் அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றுங்கள். குமிழி உறை நேரடியாகப் பட்டால் சாயத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழும். நாளிதழ்த் தாளும் வேண்டாம். மை ஒட்டும், தாளிலுள்ள அமிலமும் இறங்கும். நாளிதழுக்கு எழுதிக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈரத்தை இறக்க நம்மிடம் இரண்டு மூன்று வழிகள் உள்ளன. வசதியுள்ளவர்களுக்குப் புகைப்படக்காரர்கள் கேமராவுக்குப் பயன்படுத்தும் ட்ரை கேபினட் மிகச் சிறந்தது. வேண்டிய அளவை வைத்துவிட்டால் அது தானாகப் பார்த்துக்கொள்ளும். மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். எல்லாவற்றையும் அதில் வைக்க முடியாது. இன்ஜின்களுக்கும் தகர ரயில்களுக்கும் முதலிடம் கொடுங்கள்.

மற்றவற்றுக்கு இறுக்கமாக மூடும் நெகிழிப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், நல்லது. 3 என்றால் பி.வி.சி., தவிர்த்துவிடுங்கள். பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் கசிந்து, ரயில் பெட்டியின் நெகிழியை உருக்கி ஒட்டவைத்துவிடும். மென்மையான கம்பிச் சுருளை ரயில் மாதிரி மேல் போட்டு வைத்தாலும் இதே கேடு வரும். கட்டுப்பாட்டுக் கருவியையும் கம்பிகளையும் தனிப் பெட்டியில் வையுங்கள்.

சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறும் வகையை வாங்குங்கள். ஆரஞ்சு நிறம் கரும்பச்சையானால் அது ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். ஓவனில் 100 முதல் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருப்பதால், பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். அலமாரியில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் பேரங்காடிகளில் மலிவாகக் கிடைக்கின்றன. துணிக்கு அவை சரி. ஆனால் அவற்றில் உள்ளது கால்சியம் குளோரைடு. உறிஞ்சிய நீர் உப்புக் கரைசலாக அடியில் தேங்கும். டப்பா ஒருமுறை கவிழ்ந்தால் உலோகச் சக்கரங்களின் கதி அதோகதி. அரிசியைத் துணியில் கட்டி வைப்பவர்களும் உண்டு. வண்டுகள்தான் வந்து சேரும்.

பெட்டியை மூடும் நேரமும் முக்கியம். மழை பெய்துகொண்டிருக்கும் இரவில் இறுக்கமான பெட்டியை மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறோம். மழையில்லாத நாளில், பிற்பகல் இரண்டு மூன்று மணி வாக்கில் கட்டி வையுங்கள். அதேபோல் ஏர்கோன் அறையில் இருந்த மாதிரியை வெளியே எடுத்தால், குளிர்ந்த கண்ணாடிக் குவளை வியர்ப்பதைப் போல அதன் மேல் நீர் படியும். இன்ஜினின் உள்ளே மின்சுற்றுப் பலகையிலும் படியும். பெட்டியை மூடியபடியே வெளியறையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள்

அந்துருண்டை போடுவது இதில் முதலாவது. பூச்சி வராது என்று பாட்டி காலத்துப் பழக்கத்தில் ரயில் பெட்டிக்குள்ளும் போட்டுவிடுகிறோம். அதன் ஆவி, மாதிரி ரயில்களில் அதிகம் பயன்படும் பாலிஸ்டைரீன் நெகிழியை இளக வைக்கும். உருண்டை நேரடியாகப் பட்ட இடம் குழிந்தே போகும். வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் மருந்து, இறுக்கமான மூடியும் சுத்தமான அலமாரியும்தான். கரையானுக்கு இன்னொன்று: அட்டைப் பெட்டிகளைச் சுவரோடு ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள். இரும்பு அடுக்கில், சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்தால், கரையான் மண்குழாய் கட்டி ஏறினாலும் கண்ணில் பட்டுவிடும்.

மின்கலத்தை உள்ளேயே விட்டுவைப்பது அடுத்தது. பிளாரெயில் வைத்திருப்போர் வீட்டில் இதுதான் பெரிய இழப்பு. அல்கலைன் மின்கலம் கசிந்தால் செம்புத் தகடுகளை அரித்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் கழற்றி விடுங்கள். ஏற்கெனவே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பல பொம்மைகள் மறுபடி ஓடும்.

துரு வராமலிருக்க எண்ணெய் பூசுவதும் வேண்டாத வேலை. வீட்டில் இருக்கும் தெளிப்பு எண்ணெய் சில நெகிழிகளை வெடிக்கச் செய்யும், தூசியையும் இழுக்கும். இன்ஜினுக்கு நெகிழியைப் பாதிக்காத எண்ணெய், அதுவும் ஊசி முனையளவு. தகர ரயிலுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். கையால் தொடுவதற்கு முன் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டால் வியர்வை உப்பு படாது.

வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சன்னலோரக் கண்ணாடி அலமாரியில் வைத்த வெள்ளை ரயில் மஞ்சளாகிவிடும். ஆனால் முப்பரிமாண அச்சில் செய்த கேடிஎம் மாதிரிகளை வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பல பி.எல்.ஏ. என்ற நெகிழியால் ஆனவை. அது 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடி ஓரத்தில் விட்டுவிட்டு மதிய உணவுக்குப் போனால், திரும்பி வரும்போது வளைந்த ரயில்தான் இருக்கும்.

சில பழைய இன்ஜின்களில் வேறொரு நோய் வரும். துத்தநாக உலோகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வார்ப்பு வீங்கி, வெடித்து, பிஸ்கட் போல நொறுங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். போருக்கு முந்தைய பொம்மைகளில் மட்டுமல்ல, இந்த நூற்றாண்டில் தயாரான சில மாதிரிகளிலும் இது வந்திருக்கிறது. பக்கத்திலுள்ள ரயிலுக்குத் தொற்றும் என்று பயப்பட வேண்டியதில்லை, தொற்றாது. ஆனால் மயிரிழை விரிசல் கண்டால் உடனே படம் எடுத்து வையுங்கள். உடல்பகுதியைச் சட்டத்திலிருந்து கழற்றித் தனியே வைத்தால், வீங்கும் உலோகம் மேல்மூடியைப் பிளக்காமல் தடுக்கலாம்.

தரைக்கு மேலே எவ்வளவு உயரம்?

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியதை மறக்க முடியாது. 2023 மார்ச்சில் சிகாமட், யோங் பெங், பத்து பகாட் பகுதிகளில் நீர் வடிய எத்தனை நாள் ஆயிற்று என்பதும் நினைவில் இருக்கும். தரைவீட்டில் இருப்பவர்கள் தொகுப்பைக் கீழ்த்தட்டில் வைப்பது சூதாட்டம். கனமான தண்டவாளப் பெட்டிகள் கீழே, ரயில்கள் மேலே என்பது பொதுவான பழக்கம்; வெள்ளப் பகுதியில் தண்டவாளத்தையும் இடுப்புக்கு மேலே ஏற்றுங்கள். கூரைக்கு அடியிலுள்ள பரண் வேண்டாம், அங்கு வெப்பம் கொல்லும். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு இரண்டுக்கும் நடுவான இடம்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டால் அவசரப்பட்டு மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். சேறு காயும் முன் சுத்தமான நீரில் அலசி, மேல்மூடியைக் கழற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் சில நாள் உலர்த்துங்கள். அட்டைப் பெட்டியைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் அதன் விவரச்சீட்டை வெட்டி உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

பிரித்து அடுக்குவது

நிறுவனம் வாரியாக அடுக்குவோர் உண்டு, நாடு வாரியாக அடுக்குவோர் உண்டு. என் கருத்தில் முதலில் அளவு வாரியாகப் பிரிப்பதே சரி. 'ஓ' அளவுத் தண்டவாளத்தின் அகலம் 32 மில்லிமீட்டர், 'எச்.ஓ.' 16.5, 'என்' 9. இவை கலந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேடலில் நேரம் போய்விடும். இதில் மலேசிய ரயிலுக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் பாதையின் அகலம் ஒரு மீட்டர். 1:87 என்ற எச்.ஓ. விகிதத்தில் அது சுமார் 11.5 மில்லிமீட்டர்தான் வரும். அதனால் சரியான கேடிஎம் மாதிரிக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தேவை. பலர் வசதிக்காக 16.5-இலேயே ஓட்டுகிறார்கள். உங்கள் பெட்டியில் எது எந்தத் தண்டவாளத்தில் ஓடும் என்பதை மூடியின் மேல் எழுதிவிடுங்கள்.

அளவுக்குப் பிறகு, அடிக்கடி ஓட்டுபவை, எப்போதாவது எடுப்பவை, தொடவே போவதில்லை என்று மூன்றாகப் பிரித்தால் போதும். முதல் வகை கைக்கெட்டும் இடத்தில். தொடவே போவதில்லை என்று வைக்கும் பெட்டியையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு அலமாரி துடைக்கும் வாரத்தில் அந்த வேலையையும் சேர்த்துக்கொண்டோம். சிலிக்கா ஜெல் மாற்றுவது, ஃபோமை அழுத்திப் பார்ப்பது, இன்ஜின்களை ஐந்து நிமிடம் இருபுறமும் ஓட்டிவிடுவது, அவ்வளவுதான். ஓடாத இன்ஜினில் உயவுப் பசை இறுகிவிடும். சக்கரத்திலுள்ள ரப்பர் வளையமும் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிடும். அதனால் நெடுநாள் வைக்கும் இன்ஜினைச் சக்கரத்தில் நிறுத்தாமல் பக்கவாட்டில் படுக்கவையுங்கள்.

அசல் பெட்டிகளை எறிய வேண்டாம். இடமில்லை என்றால் தட்டையாக மடித்து ஒரு கோப்பில் வைக்கலாம். விற்கும் நாள் வந்தால் பெட்டியுள்ள ரயிலுக்கும் இல்லாததற்கும் விலையில் நல்ல வேறுபாடு இருக்கும்.

பயணச்சீட்டுகளையும் இந்தத் தொகுப்போடு சேர்த்தே பாதுகாக்கலாம். 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு, தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே ஓட்டி வந்தார்கள். அந்தக் காலச் சீட்டுகளைப் பலர் வைத்திருக்கிறார்கள். வெப்பத்தால் எழுத்து பதியும் தாளில் அச்சான சீட்டு என்றால் அது வெளுத்துக்கொண்டே போகும். பி.வி.சி. உறையில் போட்டால் இன்னும் விரைவில் வெளுக்கும். இன்றே படம் எடுத்துவிட்டு, காகித உறையில் இருட்டில் வையுங்கள். பழைய கெட்டி அட்டைச் சீட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, பூச்சிதான் பயம்.

எழுதி வைக்காத தொகுப்பு

ஈரத்துக்கு அடுத்தபடியாகத் தொகுப்புகளை அழிப்பது, வைத்திருந்தவரின் மறைவு. காரியங்கள் முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது, பிள்ளைகளுக்கு இருபது வெள்ளிப் பொம்மைக்கும் ஆயிரம் வெள்ளி இன்ஜினுக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லாம் ஒரே லோரியில் பழைய சாமான் வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஜப்பானில் ஓடிய 14 வரிசை படுக்கைப் பெட்டிகள் சில மலேசியாவுக்கு அன்பளிப்பாக வந்தன என்பதும், அதனால்தான் அப்பா ஜப்பானிய மாதிரியைத் தேடிப் பிடித்து வாங்கினார் என்பதும் யாருக்குத் தெரியும்?

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு குறிப்பேடோ கைப்பேசியில் ஓர் அட்டவணையோ போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணைச் சிறு சீட்டில் எழுதிப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டுங்கள், ரயிலின் மேல் ஒட்டாதீர்கள். பசை சாயத்தை உரிக்கும். எண்ணுக்கு நேரே தயாரித்த நிறுவனம், அதன் பொருள் எண், அளவு, வாங்கிய ஆண்டு, கொடுத்த விலை, எந்த அலமாரியில் எந்தப் பெட்டி, பழுது ஏதேனும் உண்டா என்று எழுதுங்கள். ஒரு படமும் எடுங்கள். வீட்டுப் பொருள்களுக்குக் காப்புறுதி எடுத்தவர்களுக்கு வெள்ளமோ தீயோ வந்தால் இதே பட்டியலும் ரசீதுகளும்தான் கைகொடுக்கும். தொகுப்பு விலையுயர்ந்ததாக இருந்தால் காப்புறுதிப் பத்திரத்தில் அது அடங்குமா என்று முகவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடைசிக் கட்டம் ஒன்றை நான் சேர்த்துக்கொண்டேன். அதில் ஒவ்வொன்றுக்கும் நேரே 'விற்கலாம்', 'யாருக்காவது கொடுக்கலாம்', 'வீட்டில் இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறேன். தாத்தாவின் கைவிளக்குக்கு நேரே அவர் எந்த நிலையத்தில் வேலை பார்த்தார் என்பதையும் எழுதினேன். அதை எழுத உட்கார்ந்தபோது எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. அத்தைக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகுதான் அந்தக் கட்டம் நிரம்பியது. பட்டியலின் ஒரு பிரதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது, இன்னொன்று மகளின் கைப்பேசியில் இருக்கிறது.